முதல் ஒலி உங்களுடையதாக இருக்கட்டும்

திருவிழாக் காலங்களில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கிராமங்களில் நடக்கும் இன்னிசைக் கச்சேரிகளைப் பார்த்திருப்பீர்கள். கீபோர்டு வாசிப்பவருக்குப் பக்கத்தில் ஒருவர் இரண்டு குச்சிகளுடன் நிற்பார். அவர் முன்னே ஒரு தாங்கியின் மேல் சிறிய பெட்டி ஒன்று இருக்கும். அதன் முகத்தில் ரப்பர் தட்டுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு தட்டில் அடித்தால் தவில் முழங்கும். அடுத்ததில் அடித்தால் உறுமி உறுமும். மூன்றாவதில் அடித்தால் மேல்நாட்டு டிரம் அதிரும். ஆனால் மேடையில் தவிலும் இராது, உறுமியும் இராது. இப்பெட்டியை நம் ஊர்களில் ‘ரிதம் பேட்’ என்கிறார்கள். ஒலியைப் பதிந்து வைத்துக்கொண்டு, தட்டியபோதெல்லாம் திருப்பிக் கொடுக்கும் இத்தகைய கருவிகளுக்குச் ‘சாம்ப்ளர்’ என்பது பொதுப் பெயர்.

சாம்ப்ளரை முதன்முதலாகக் கையில் வாங்கும் மாணவர் திகைத்துப் போவது இயல்பே. பொத்தான்கள் ஏராளம். சிறிய திரையில் ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல் ஒளிந்திருக்கும். கூடவே தடித்த ஆங்கிலக் கையேடு. ஆகவே பலரும் ஒரு குறுக்குவழியைப் பிடிக்கிறார்கள். கருவியைச் செய்த நிறுவனம் உள்ளே நிரப்பி அனுப்பிய நூற்றுக்கணக்கான ஆயத்த ஒலிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். மாதங்கள் ஓடுகின்றன. கையின் வேகம் கூடுகிறது. பெட்டிக்குள் நடப்பது என்ன என்பது மட்டும் புதிராகவே நின்றுவிடுகிறது.

இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. முதல் ஒரு மாதத்துக்கு ஆயத்த ஒலிகளைத் தொடாதீர்கள். உங்கள் ஊரில் கேட்கும் ஓர் ஒலியை நீங்களே பிடித்து உள்ளே வையுங்கள். அந்த ஓர் ஒலியை முழுமையாகப் புரிந்துகொண்ட பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவரும் அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். ஆயத்த விடைகளைப் பார்த்து எழுதிய மாணவரும், தாமே அளந்து விடை கண்ட மாணவரும் ஒரே மதிப்பெண் பெறலாம். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால்தான் இருவருக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

‘சாம்ப்பிள்’ என்றால் மாதிரி. கரிசல் விவசாயிக்கு இச்சொல் புதிதல்ல. பருத்தியோ கம்போ விதைக்கும் முன் நிலத்தில் சில இடங்களில் மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அம்மா ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பதும் மாதிரி எடுப்பதுதான். முழுப் பானையையும் கிளற வேண்டியதில்லை.

ஆனால் ஒலிக்கு ஒரு பருக்கை போதாது. ஒலி என்பது காற்றின் அழுத்தம் கணந்தோறும் ஏறி இறங்குவது. மைக் அந்த ஏற்ற இறக்கத்தை மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. சாம்ப்ளர் அந்த மின்னழுத்தத்தை மிகச் சிறு இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. அப்படியானால் ஒரு வினாடிக்கு எத்தனை முறை அளக்க வேண்டும்?

இதற்கான அடிப்படையை ஹாரி நைக்விஸ்ட் என்னும் பொறியியலறிஞர் 1928-இல் தந்தி அனுப்பும் முறையை ஆராய்ந்தபோது வகுத்தார். கிளாட் ஷானன் 1949-இல் அதைத் தெளிவான கணிதத் தேற்றமாக எழுதினார். ஓர் அலையைத் தவறின்றித் திரும்பப் பெற வேண்டுமானால், அதன் மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும். மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே வினாடிக்கு 40,000-க்கு மேல் மாதிரிகள் தேவை. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு 44,100 என்ற எண்ணைக் கையாண்டது. இன்றைய சாம்ப்ளர்கள் பலவும் அதே எண்ணையோ 48,000-ஐயோ கையாள்கின்றன.

மாதிரிகள் குறைந்தால் என்ன ஆகும்? திரைப்படத்தில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். படக்கருவி வினாடிக்கு 24 படங்களே எடுப்பதால் வரும் மயக்கம் அது. ஒலியிலும் அதே மயக்கம் நேரும். மாதிரிகள் போதாதபோது, மூலத்தில் இல்லாத ஒரு தாழ்ந்த சுருதி பொய்யாக முளைக்கும். இதைத் தடுக்கவே, அளப்பதற்கு முன் மிக உயர்ந்த அதிர்வெண்களை வடிகட்டும் மின்சுற்று ஒன்று கருவிக்குள் அமைக்கப்படுகிறது.

அடுத்து, ஒவ்வோர் அளவும் எவ்வளவு நுட்பமானது என்ற கேள்வி. 8 பிட் கருவி ஏற்ற இறக்கத்தை 256 படிகளாகப் பிரிக்கும். 12 பிட் கருவி 4,096 படிகளாகவும், 16 பிட் கருவி 65,536 படிகளாகவும் பிரிக்கும். அங்குலக் கோடு மட்டும் உள்ள அளவுகோலுக்கும் மில்லிமீட்டர்க் கோடு உள்ள அளவுகோலுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். வினாடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் 16 பிட், அதாவது 2 பைட். ஆக, ஒரு வினாடி ஒலிக்கு 88,200 பைட் நினைவகம் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 லட்சம் பைட். மேடையில் முழங்கிய தவில் இந்த எண்களின் வரிசையாகத்தான் பெட்டிக்குள் இருந்தது.

13 வினாடி கற்றுத் தந்த பாடம்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்னும் இருவர் உருவாக்கிய ஃபேர்லைட் சி.எம்.ஐ. என்ற கருவி 1979-இல் வெளிவந்தது. 8 பிட் அளவீடு. ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகம். ஒரு வினாடி அளவிலான ஒலியே அதில் அடங்கும். விலையோ ஒரு வீட்டின் விலைக்கு ஈடாக இருந்தது.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1985-இல் எட்டுத் தட்டுகள் கொண்ட ஆக்டபேட் கருவியை வெளியிட்டது. அதற்குள் ஒலி ஏதும் கிடையாது. எந்தத் தட்டில் எவ்வளவு பலமாக அடித்தோம் என்ற செய்தியை மட்டும் வேறொரு கருவிக்கு அனுப்பும். 1988-இல் ரோஜர் லின் என்னும் அமெரிக்கர் அகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்த எம்.பி.சி.60 வந்தது. இதில் வரிசைக்கு நான்காக 16 தட்டுகள். தட்டுவதும் ஒலிப்பதும் ஒரே பெட்டியில் நடந்தன. 12 பிட் அளவீடு. வினாடிக்கு 40,000 மாதிரிகள். மொத்த நினைவகத்தில் அடங்கியது சுமார் 13 வினாடி ஒலி.

13 வினாடிக்குள் ஒரு பாட்டுக்கு வேண்டிய அத்தனை ஒலிகளையும் அடக்க வேண்டும். ஆகவே எதை வைப்பது, எதை விடுவது, எந்த ஒலியை எங்கே வெட்டுவது என்று அன்று அதில் உழைத்தவர்கள் ஒவ்வொரு துணுக்கையும் பலமுறை கேட்டே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இன்றைய கருவிகளில் மணிக்கணக்காகப் பதியலாம். இந்த வசதி தேர்ந்தவருக்கு நன்மை. தொடங்குபவருக்கு அது காடு. ஆகவே அந்த 13 வினாடி வரம்பை நீங்களாகவே உங்களுக்கு விதித்துக்கொள்ளுங்கள். முதல் மாதத்தில் நீங்கள் பதியும் ஒலிகள் யாவும் சேர்ந்து 13 வினாடியைத் தாண்டக் கூடாது.

ஐந்து செயல்கள் போதும்

நூறு பொத்தான்கள் இருந்தாலும் தொடக்கத்தில் தேவைப்படுபவை ஐந்து செயல்களே. அருப்புக்கோட்டை நெசவு ஊர். அங்கே தறிச் சத்தம் கேட்காத தெருக்கள் குறைவு. ஆகவே தறியின் ஓர் அடியை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, அளவு வைத்தல். மைக்கிலிருந்து வரும் ஒலியின் பலத்தைத் திரையில் உள்ள அளவுமானி காட்டும். மிக உரத்த அடியிலும் அது முக்கால் பங்கைத் தாண்டாதபடி வையுங்கள். காரணம் எளிது. 16 பிட் கருவியில் மிகப் பெரிய எண் 32,767. அதற்கு மேல் வரும் எந்த அளவையும் கருவி 32,767 என்றே எழுதும். அலையின் தலை சமதளமாக வெட்டுப்பட்டு, ஒலி கரகரக்கும். வெட்டுப்பட்டதை மீட்க வழியில்லை.

இரண்டாவது, பதிதல். நம் வறண்ட நிலத்தில் காற்று ஒரு பெரிய எதிரி. ஆடி மாத மேல்காற்றில் திறந்த வெளியில் மைக்கை நீட்டினால் புஸ்ஸென்ற இரைச்சல்தான் பதிவாகும். விடியற்காலையில், காற்று எழும் முன் பதியுங்கள். மைக்கின் மேல் மெல்லிய துணியைச் சுற்றுங்கள். அறைக்குள் பதிந்தால் சுவரின் எதிரொலியும் சேர்ந்து வரும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, வெட்டுதல். ஒலி தொடங்கும் முன் உள்ள மௌனத்தை நீக்க வேண்டும். ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு மௌனம் முன்னால் ஒட்டியிருந்தாலும், நீங்கள் தட்டிய பிறகு 2,205 மாதிரிகள் கடந்தே அடி கேட்கும்; தாளம் பின்தங்கும். வெட்டும் இடம் அலை பூச்சியத்தைக் கடக்கும் புள்ளியாக இருக்கட்டும். அலை உயரத்தில் இருக்கும்போது வெட்டினால், ‘டக்’ என்று வேண்டாத ஒலி எழும்.

நான்காவது, தட்டுக்கு ஒதுக்குதல். இந்த எண் வரிசை இந்தத் தட்டுக்கு உரியது என்று கருவிக்குச் சொல்வது. பலமாக அடித்தால் உரக்கவும், மெல்ல அடித்தால் தணிந்தும் ஒலிக்குமாறு இங்கேயே அமைக்கலாம்.

ஐந்தாவது, சேமித்தல். சாம்ப்ளர் வேலை செய்யும் நினைவகம் பெரும்பாலும் மின்சாரம் உள்ளவரைதான் நினைவு வைத்திருக்கும். மின்சாரம் போனால் எண்கள் யாவும் அழிந்துபோகும். சொல்லாமல் மின்சாரம் போகும் ஊர்களில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஒலியையும் வெட்டி முடித்த உடனே அட்டையில் சேமித்துவிடுங்கள்.

இவ்வைந்தும் கைவந்துவிட்டால் கையேட்டில் பாதி தானாகவே விளங்கும். ‘எஃபெக்ட்’, ‘சீக்வென்ஸ்’ முதலிய மற்றவை காத்திருக்கட்டும்.

செய்து பார்க்க இரண்டு சோதனைகள்

தறியின் அடியைப் பதிந்தாயிற்று. இனி அதை ஆய்வுப் பொருளாகக் கொள்ளுங்கள்.

முதல் சோதனை: அதே எண் வரிசையை இரு மடங்கு வேகத்தில் படிக்கச் சொல்லுங்கள். சுருதி ஒரு ஸ்தாயி உயரும். ஒலிக்கும் நேரம் பாதியாகும். பாதி வேகத்தில் படித்தால் ஒரு ஸ்தாயி தாழும், நேரம் இரட்டிக்கும். கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே வேகம் ஏறத்தாழ 1.059 மடங்கு மாறும். 1.059-ஐப் பன்னிரண்டு முறை தமக்குள் பெருக்கிப் பாருங்கள். ஏறக்குறைய 2 வரும். ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு சுரத்தானங்கள் அமைவதன் கணக்கு இது. பாதி வேகத்தில் தறிச் சத்தம் ஏதோ பெரிய இரும்பு ஆலையின் சத்தம்போலக் கேட்கும். பெரிய பொருள் தாழ்ந்த சுருதியில் அதிரும் என்று நம் காது பழகியிருப்பதே காரணம்.

இரண்டாம் சோதனை: மிருதங்கத்தின் வலந்தலையில் ஓர் அடியையும், பறையில் ஓர் அடியையும் பதிந்து ஒப்பிடுங்கள். வெறும் தோல் அதிரும்போது எழும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கின்றி அமையும். ஆகவே பறையில் திட்டமான சுருதி கேட்பதில்லை. மிருதங்கத்தின் நடுவே பூசிய கருநிறக் கரணை, தோலின் நடுப்பகுதிக்கு எடை கூட்டி, மேல்சுரங்களை 2, 3, 4 என்ற முழு எண் மடங்குகளுக்கு அருகே கொண்டுவந்துவிடுகிறது. இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் நம் சர் சி. வி. இராமன். 1920-இல் ஒரு கட்டுரையும், 1934-இல் விரிவான மற்றொரு கட்டுரையும் எழுதினார். தோலின் மேல் மணலைத் தூவி, அது ஒதுங்கும் கோலங்களைக் கொண்டு அதிர்வு முறைகளைக் கண்டார். மணலும் கூர்ந்த பார்வையும் கொண்டு அவர் செய்ததை, இன்று ஒரு சாம்ப்ளரோ, கைப்பேசியில் அலைமாலை காட்டும் செயலியோ கொண்டு ஒரு பள்ளி மாணவர் தொடர்ந்து செய்யலாம்.

“சாம்ப்ளரின் விலைக்கு நாங்கள் எங்கே போவது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கைப்பேசியின் மைக்கும், விலையின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டி போன்ற மென்பொருளும் இருந்தால் ஐந்து செயல்களில் நான்கைப் பழகிவிடலாம். தமிழக அரசின் 2011-ஆம் ஆண்டுத் திட்டத்தில் அண்ணனோ அக்காளோ வாங்கிய பழைய மடிக்கணினி வீட்டில் ஓடும் நிலையில் இருந்தால் அதுவே போதும். தட்டுக்கு ஒதுக்கும் செயலுக்கு மட்டும் ஊர்க் கச்சேரிக் குழுவினரின் உதவியை நாடுங்கள்.

உறுமிக்காரரின் பங்கு

இனி நான் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன்.

உறுமியைக் கவனியுங்கள். ஒரு முகத்தில் நேர்க்குச்சியால் அடிக்கிறார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்க்கிறார்கள். தேய்க்கும்போது குச்சி ஒட்டியும் வழுக்கியும் நகர்ந்து தோலை அதிரச் செய்கிறது. அழுத்தம் மாறும்போது சுருதி வளைந்து செல்கிறது. எந்த இரண்டு உறுமலும் ஒன்றுபோல் இரா. சாம்ப்ளரோ பதிந்த அந்த ஓர் உறுமலையே ஆயிரம் முறையும் அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்லும். சுருதியைத் தாழ்த்தினால் வளைவின் வேகமும் சேர்ந்து தளர்ந்துவிடும். பிற்காலக் கருவிகள் நேரத்தையும் சுருதியையும் தனித்தனியே மாற்றித் தந்தாலும், ஆட்டக்காரரின் காலைப் பார்த்து உறுமிக்காரர் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதைப் பெட்டி அறியாது. ஆயத்த ஒலியை மட்டும் தட்டிப் பழகிய மாணவர் இந்த வேறுபாட்டை உணர்வது அரிது. தாமே ஓர் உறுமலைப் பதிய முயன்றவருக்கு அது முதல் நாளே தெரிந்துவிடும்.

இது காதின் கூர்மையோடு நின்றுவிடும் செய்தியன்று. நான்கு மேளக்காரரை அழைக்கும் செலவில் ஒரு ரிதம் பேட்காரரை அழைத்தால் போதும் என்று விழாக் குழுவினர் கணக்கிடும்போது, குறைவது சில குடும்பங்களின் வருமானம். இயந்திரத்தை விலக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பல கோயில்களில் பூசை நேரத்தில் மோட்டார் கொண்டு முரசும் மணியும் ஒலிக்கின்றன. அடிக்க ஆள் வராத இடத்தில் அது ஒரு வசதிதான். ஆனால் வாசிப்பவர் ஊரிலேயே இருக்கும்போது, அவர் வாசிப்பின் பதிவை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை வீட்டில் உட்காரவைப்பது முறையாகாது.

ஆகவே தொடங்கும்போதே ஒரு நல்ல பழக்கத்தையும் சேர்த்துத் தொடங்குங்கள். மேளக்காரரிடம் நேரில் போய், “அண்ணே, உங்க வாசிப்புல ஒரு அடி பதிஞ்சுக்கிடட்டுமா?” என்று கேளுங்கள். சம்மதித்தால் மட்டும் பதியுங்கள். குறிப்பேட்டில் தேதி, இடம், மைக்குக்கும் கருவிக்கும் இடையே இருந்த தூரம், வாசித்தவர் பெயர், தோல் காய்ச்சியதா இல்லையா என்பவற்றை எழுதுங்கள். பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றும் முன்னும் பின்னும் பதிந்தால், வெப்பம் ஈரத்தைப் போக்கித் தோலை இறுக்குவதையும் சுருதி உயர்வதையும் எண்களாகவே காண்பீர்கள். அந்த ஒலியைக் காசுக்கு வாசிக்கும் நாள் வந்தால் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

சட்டமும் இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் இசைப்பவர், நடிப்பவர் முதலிய நிகழ்த்துநர்களுக்கு அவர்கள் நிகழ்ச்சியின் மேல் உரிமை தந்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், தம்மை நிகழ்த்தியவராகப் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கோரும் உரிமையையும் சேர்த்தது. இந்த உரிமை பெரிய மேடைப் பாடகருக்கு மட்டும் உரியதன்று.

உலகெங்கும் விற்கும் கருவிகளில் உள்ள ஆயத்த ஒலிகள் எங்கோ ஒரு நகரத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுக்கப்பட்டவை. குண்டாற்றங்கரை ஆட்டுமந்தையின் கழுத்து மணி, உலர்ந்த வாகை நெற்றின் கலகலப்பு, பனையோலை காற்றில் உரசும் சரசரப்பு, உங்கள் தெருத் தறியின் அடி ஆகியவற்றை எந்த நிறுவனமும் உங்களுக்காகப் பதிந்து அனுப்பப் போவதில்லை. அந்த வேலை உங்களுக்காகவே மிச்சம் இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓர் ஒலியைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வினாடிக்கு மேல் வேண்டாம். பதியுங்கள், வெட்டுங்கள், சேமியுங்கள். அதை இரு மடங்கு வேகத்திலும் பாதி வேகத்திலும் கேட்டு, என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். ஒலியைத் தந்தவரையும் தேடிப் போய், அதை அவர் காதிலும் ஒரு முறை போட்டுக் காட்டுங்கள்.